ரத்ததான முகாம் நடத்தும் கொங்கு மண்டல மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு நற்பணி மன்றத்தாருக்கு வணக்கமுங்க.

உங்கள் முகாம் பேனரில் தலைவர்கள் படம் நிறைய; நார்மன் பெத்யூன் படம் மட்டும் இல்லை. கனடாவின் நுரையீரல் அறுவை மருத்துவர். விலா எலும்பு வெட்ட அவர் வடிவமைத்த கத்தரிக்கு அவர் பெயர்தான். 1936 கடைசியில், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது மாட்ரிட் போய், மக்கள் கொடுத்த ரத்தத்தில் உறையாமல் காக்கும் சோடியம் சிட்ரேட் கலந்து, குளிரில் வைத்து, வண்டியில் போர்முனைக்கே கொண்டுபோனார். (பார்சிலோனாவில் மருத்துவர் துரான் ஜோர்டா அதற்குச் சில மாதம் முன்பே தொடங்கிவிட்டார். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

உங்கள் முகாம்களில் கெடுவதும் இந்தக் கலப்பிலும் குளிரிலும்தான். 350 மி.லி. பையில் உறையாமல் காக்கும் கரைசல் 49 மி.லி. இருக்கும். ரத்தம் இறங்க இறங்கப் பையை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டம் நெருக்கினால் ஆட்டுகிற கை நின்றுவிடும், ரத்தம் கட்டிவிடும், பை குப்பைக்குத்தான். தட்டணு (பிளேட்லெட்) பிரிக்க வேண்டிய பையை ஐஸில் புதைக்காதீங்க. 20 முதல் 24 டிகிரியில் வைத்து 6 முதல் 8 மணி நேரத்துக்குள் ரத்த வங்கி சேர்க்க வேண்டும். சித்திரை வெயிலில், தகரக் கொட்டகையில், "எல்லாம் முடியட்டும், ஒரே நடையா அனுப்பலாம்" என்றால் காரியம் கெட்டது.

அதைவிடப் பெரிய கோளாறு நாள் குறிப்பதில். தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் 300 பை எடுத்தால் தட்டணு 5 நாளில் காலாவதி, சாதாரணப் பையில் சிவப்பணு 35 நாளில். தீபாவளிக்கு பனியன் கம்பெனிகள் பூட்டி ஆட்கள் ஊருக்குப் போன பிறகு, டெங்கு காய்ச்சலுக்குத் தட்டணு கேட்டு வருகிறவருக்கு என்ன கொடுப்பது?

1938-இல் போர் நடந்த சீன மலைக்கிராமங்களில் பெத்யூனுக்கு மின்சாரமும் இல்லை, குளிர்பெட்டியும் இல்லை. தன்னார்வக் கொடையாளர்களை முன்கூட்டியே சேர்த்து வைத்து, தேவைப்பட்டபோது அழைத்தார். நீங்களும் நோட்டுப் போடுங்க: பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி. எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5-உம் இல்லாதவரை "ஒண்ணும் ஆகாதுங்க" என்று படுக்க வைக்காதீங்க. பர்கூர், தாளவாடி மலையில் அங்கேயே எடுத்து ஏற்றும் பேச்சே வேண்டாம். சோதிக்காத ரத்தம் ஆபத்து. இறங்கி வரக்கூடியவர் பட்டியல் போதும்.

ஊசியை மூடி போட்டுத் திரும்ப அடைக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்க. கையுறையின்றி அறுவை செய்தபோது விரலில் பட்ட வெட்டு சீழ்பிடித்துத்தான் 1939 நவம்பர் 12-இல் பெத்யூன் இறந்தார். அவர் பெயரிலான மருத்துவமனையைப் பிறகு நடத்தியவர் நம் நாட்டுச் சோலாப்பூர் மருத்துவர் கோட்னிஸ்.

தீபாவளிக்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் தினம் பத்துப் பேர் வீதம் அனுப்ப முடியுமா? எந்த மன்றம் எந்த நாள் என்று புரட்டாசிக்குள் பேசி முடித்துச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ரத்த வங்கி ஆய்வகப் பணியாளர்கள்