செயலாளரின் ஆண்டறிக்கை 2025-26: இ.எஸ்.ஐ.யும் நம் சிறு யூனிட்டுகளும்

தலைவர், பொருளாளர், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கமுங்க.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமாக ஏற்றிய பிறகு, திருப்பூரில் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்த பேச்சு, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.தான். நவம்பர் 21 அன்று புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்ததும், இன்னும் எவ்வளவு கட்டச் சொல்வார்களோ என்று பலர் பயந்தார்கள். சதவீதம் மாறவில்லை. 2019 ஜூலையில் குறைத்தபடி, சம்பளத்தில் முதலாளிகளான நம் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. சம்பளம் 15,000 ரூபாய் என்றால் நாம் 487.50, அவர் 112.50. ஆனால் படிகள் (அலவன்ஸ்) மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் இனிச் சம்பளக் கணக்கில் சேரும்.

உறுப்பினர்களின் மனக்குறை தொகையில் இல்லை. "ஏனுங்க, மாசாமாசம் கட்டறோம். ஆனா ஆளு அரை நாள் வரிசையில நின்னுட்டு, கடைசியில தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போறாரு" என்றார் ஒருவர். சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்தால் டெய்லர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார் என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயம்தான். அதற்காக, பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. கட்டாயம் என்று ஒன்பது பேரோடு பதிவேட்டை நிறுத்திவிட்டு, பத்தாவது ஆளைக் கணக்கில் காட்டாமல் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டிங் மெஷினில் விரல் போனால் அந்த ஆள் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

சிலர், ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கம்பெனி எடுக்கும் குரூப் மருத்துவ பாலிசி போதும் என்கிறார்கள். செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்குத்தான் ஜி.எஸ்.டி. நீங்கியது, குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. தவிர, சாதாரண மருத்துவ பாலிசி ஆஸ்பத்திரி பில்லோடு சரி. இ.எஸ்.ஐ.யில் நோயுற்றுப் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம், பிரசவத்துக்கு 26 வாரம், வேலையில் ஊனமானால் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு.

பத்துப் பேருக்குக் குறைவான யூனிட்டும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால், தானாக முன்வந்து சேரலாம் என்று புதுச் சட்டம் சொல்கிறது. ஆகவே நம் சிறு யூனிட்டுகள் இதில் சேர வேண்டும் என்றும், ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காக இ.எஸ்.ஐ. மருந்தகங்களை இரவு 9 மணி வரை திறந்து வைக்கக் கோரி மனு கொடுக்க வேண்டும் என்றும் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். மனு தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்க.

செயலாளர்