கம்ப்யூட்டர் ராம் விலை கேட்டுச் சொல்

குடியாத்தம்
16-2-2026

அன்புள்ள கருணா,

இங்கே எல்லோரும் நலம். பொங்கல் வாழ்த்துக்கு நான் பதில் போடவில்லை என்று நீ கோபமாக இருப்பதாக உன் தங்கை சொன்னாள். தை முழுக்க முகூர்த்தம், கல்யாணப் பத்திரிகை வேலையில் தலை நிமிரவில்லை. மிச்சக் கோபத்தை வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வரும்போது நேரில் காட்டு.

விஷயம் கடை கம்ப்யூட்டர். சென்னை ரிச்சி தெருவில் நீ சண்டை போட்டு விலை குறைத்தாயே, அதேதான். காலையில் ஆன் செய்துவிட்டுப் போய், டீ குடித்து, பேப்பரும் படித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இப்போது உள்ளே ‘டொக் டொக்’ சத்தம் வேறு. ஹார்டு டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் போகும் என்று சர்வீஸ் பையன் சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து வீட்டில் பட்டிமன்றம். மகன் ‘புதுசு’ கட்சி, நான் ‘பழசையே சரிசெய்’ கட்சி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. 11 போட இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், நம்முடையது நாலாம் தலைமுறை என்கிறான். உண்மைதான். ஆனால் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதை மட்டும் ஐயா சொல்லவில்லை. சட்டம் படிக்கிறான் இல்லையா!

மெதுவாக ஓடுவதற்குப் பெரும் காரணம் பிராசஸர் இல்லை, ஹார்டு டிஸ்க்தான். தட்டு சுற்ற வேண்டும், முள் அங்குமிங்கும் ஓடித் தேட வேண்டும். அதற்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டியில் எல்லாம் சிப்தான், சுற்றுகிற சமாச்சாரமே கிடையாது, ஹார்டு டிஸ்க் இருந்த அதே சாட்டா ஒயரில் மாட்டிவிடலாம். வேலை ஓடும்போது ஃபைலைத் தாங்குகிற மெமரி, அதாவது ராம், 4 ஜிபி இருக்கிறது, பழைய டிடிஆர்3 ரகத்தில் இன்னொரு 4 போட்டால் என் வேலைக்குத் தாராளம். புதுசு வாங்கினால் இந்த ராம் அதில் சேராது. ஏஐ கம்பெனிகள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் புது ராம் விலையோ கண்டபடி ஏறிக் கிடக்கிறது. என் பிரிண்டர், அகலமான பழைய பேரலல் போர்ட் ஓட்டையில் மாட்டுகிற ரகம். இப்போது வருகிற போர்டுகளில் அந்த ஓட்டையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆக, செலவு கம்ப்யூட்டரோடு நிற்காது.

பக்கம் வடிவமைக்க இன்னும் அந்தப் பழைய பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரா என்று சிரிக்காதே. 2001-இல் வந்த 7-தான் அதில் கடைசி, தெரியும். அரசாங்கம் 2010-லேயே, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிற யூனிகோடுக்கு மாறிவிட்டது, அதுவும் தெரியும். லுங்கி லேபிள் போட வருகிற முதலாளி மாறவில்லையே! பழைய ஃபைலை அந்த டாம் எழுத்துரு இல்லாமல் திறந்தால் ‘முருகன் துணை’கூட மையில் விழுந்த பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கிறது.

நேற்று பேக்கப் எடுக்கும்போது ‘அஞ்சலி’ ஃபோல்டரைத் திறந்தேன். நம் தெருவில் பாதிப் பேர் அதற்குள் இருக்கிறார்கள். உன் அப்பாவும். அன்று ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து, “சிவலோக பதவியெல்லாம் வேண்டாம், இயற்கை எய்தினார்னு போடு, இல்லாட்டி எழுந்து வந்து திட்டுவார்” என்றாய். நீ அன்று அழவே இல்லை. அதை அப்போது கேட்கத் தோன்றவில்லை, இப்போது கேட்கிறேன். அந்த ஃபோல்டரைத்தான் முதலில் பென் டிரைவில் ஏற்றினேன், பாக்கி பில் கணக்கெல்லாம் அப்புறம்தான்.

சரி. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, நல்ல கம்பெனியாக, பில்லோடு வாங்கி அனுப்பு. பழைய ராமையும் விசாரி. அக்டோபர் வந்தால் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு இதைப் பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்; மெயில், பேங்க் வேலைக்கு அவன் கேட்கிற புதுசு வரட்டும், அதுவும் அவன் பாஸ் செய்தால்.

அவன் உனக்குப் போன் செய்வான். ‘அங்கிள், அங்கிள்’ என்று குழைவான். கட்சி மாறிவிடாதே. ஹெட்லைட் சாருக்குப் பேரன் பிறந்திருக்கிறான், தலை அப்படியே அவர்தானாம்.

உன்,
மணி