எதை விற்கக் கூடாது என்று பாக்கெட்டின் முன்பக்கமே சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டி பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமாக உள்ள தின்பண்டங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டுவிட்டது. ஒன்பதாவது படிக்கும் என் மகள் சொல்லித்தான் எனக்கே இது தெரியும். ரோட்டைத் தாண்டினால் பள்ளிக்கூட கேட், அப்படியென்றால் நானும் அந்த 50 மீட்டருக்குள்தான் இருக்கிறேன். குட்கா இருக்கிறதா, பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் சர்க்கரை பற்றி இத்தனை வருஷத்தில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

சரி, யாரும் வராவிட்டால் என்ன, நாமே எடுத்து வைத்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. எதை எடுப்பது? 'அதிகம்' என்றால் எத்தனை கிராம்? பாக்கெட்டின் முன்பக்கத்தில் ஒரு பையன் கிரிக்கெட் ஆடுகிறான், பால் டம்ளர் பொங்கி வழிகிறது, கோதுமைக் கதிர் இருக்கிறது. சர்க்கரைக் கணக்கு பின்பக்கத்தில், ஒட்டுப்போட்ட மடிப்புக்குக் கீழே, ஆங்கிலத்தில் எறும்பு மாதிரி இருக்கிறது. என் மகள் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படித்தாள்.

அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அம்மா வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை, மூன்றாவது படிக்கும் பையன். "எடை கூடுதல்னு டாக்டர் சொல்றாரு அண்ணாச்சி, இவன் சோறே திங்க மாட்டேங்கான், அதான் சத்துக்காவது இருக்கட்டும்னு இதைக் கலக்கிக் கொடுக்கேன்" என்று சரத்தில் தொங்கிய மால்ட் பவுடரில் நாலு பாக்கெட் கிழித்தார். வேறு என்னவெல்லாம் சாப்பிடுகிறான் என்று என் மகள் கேட்டாள். காலையிலும் ராத்திரியும் பாலில் இந்தப் பவுடர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிரீம் பிஸ்கெட் பாக்கெட், சாயங்காலம் ஒரு சின்ன பாட்டில் கலர். அவள் ஒரு பழைய பேப்பரை விரித்து, ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று கணக்கு வைத்து, மூட்டையிலிருந்து சீனியை அள்ளி அள்ளிக் கொட்டினாள். அந்த 250 மில்லி பாட்டிலுக்கு மட்டுமே ஆறரைக் கரண்டி போனது. எல்லாம் சேர்ந்து பன்னிரண்டைத் தாண்டியது, 50 கிராமுக்கு மேல். இதில் அந்த அம்மா பாலில் தனியாகப் போடும் சீனி சேரவில்லை. அவர் அந்தக் குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ ஏன் அண்ணாச்சி இதுல விளையாடுற பிள்ளை படத்தைப் போட்டிருக்கான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த 50 கிராமுக்கு இன்னொரு கதை இருக்கிறது. லேபிளில் ஒரு நாள் தேவையில் இத்தனை சதவீதம் என்று போடுகிறார்களே, அது 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கான கணக்கு. சேர்த்த சர்க்கரைக்கு அதில் 50 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமோ அதில் பாதிக்குள், அதாவது 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்று 2015-லேயே சொல்லிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிடவும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்?

பெற்றோர் கண்டித்து வளர்க்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் கடைக்கு வந்து ஒரு நாள் நின்று பாருங்கள். கூல்டிரிங்ஸ் கம்பெனி ஃப்ரிட்ஜை இலவசமாகக் கொடுத்தது, கரண்ட் பில் நான் கட்டுகிறேன். அதில் ஒரு ஓரமாக மோர் பாக்கெட் வைத்தேன் என்று லைனுக்கு வந்த சேல்ஸ்மேன் அதை எடுத்துக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனார். சாக்லேட் சரத்தைப் பிள்ளைகளின் கண் மட்டத்துக்குத் தொங்கவிடச் சொல்லி ஸ்கீம் கொடுக்கிறார்கள். கடலை மிட்டாய்க்குப் பேர்போன இந்த ஊரிலேயே கடலை மிட்டாய் டப்பா உள்ளே தள்ளிப் போய்விட்டது. (அதிலும் வெல்லம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடலையும் இருக்கிறது.) 2025 செப்டம்பரில் பிஸ்கெட், சாக்லேட்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமானது. எங்களுக்கு வரும் 5 ரூபாய் பாக்கெட் அதே 5 ரூபாய்தான், எடைதான் கூடியிருக்கிறது. இத்தனையையும் எதிர்த்து நிற்கும் வேலையை எட்டு மணி நேரம் தீப்பெட்டி அடைத்துவிட்டு வரும் ஒரு தாய் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

1990-ல் நம் நாட்டில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் ஏறக்குறைய 4 லட்சம். 2022-ல் 1.25 கோடி. லான்செட் இதழில் வந்த கணக்கு இது.

கேட்டால் கம்பெனிகள் குறைக்காமல் இல்லை. 2023-ல் போர்ன்விட்டாவின் சர்க்கரை பற்றி ஒருவர் வீடியோ போட்டுப் பெரிய பேச்சானது. அதற்குப் பிறகு 100 கிராமில் 37.4 கிராமாக இருந்த சேர்த்த சர்க்கரையை 32.2 ஆக்கினார்கள். இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைக்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. சத்தம் போட்டதற்கே இவ்வளவு நடந்தது என்றால், சட்டம் போட்டால்?

சிலி நாட்டில் 2016-லிருந்து சர்க்கரை அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கம் எண்கோண வடிவத்தில் கறுப்பு முத்திரை குத்த வேண்டும். அந்த முத்திரை இருந்தால் பொம்மைப் படம் போடக் கூடாது, பள்ளிக்கூடத்தில் விற்கவும் கூடாது. அங்கே அந்த வகை இனிப்புப் பானங்கள் வாங்குவது கால்வாசிக்குக் கிட்டக் குறைந்தது. இங்கே 2022-ல் ஆணையம் கொண்டுவந்த வரைவோ ஸ்டார் போடலாம் என்கிறது, எவ்வளவு மோசமான பண்டத்துக்கும் அரை ஸ்டாராவது உண்டு. நம் ஊரில் ஸ்டார் என்றால் என்ன? நன்றாக எழுதிய நோட்டில் டீச்சர் போடுவது. சர்க்கரைப் பாக்கெட்டின் மேல் அதைப் பார்க்கிற பிள்ளை என்ன நினைக்கும்? 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை முடிக்க மூன்று மாதம் கெடு கொடுத்தது. அதற்குப் பிறகும் என் கடையில் எந்தப் பாக்கெட்டின் முன்பக்கத்திலும் ஒரு எச்சரிக்கையையும் நான் பார்க்கவில்லை.

முத்திரையெல்லாம் யாருக்குப் புரியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் எங்கள் கடையில் பாக்கெட்டைத் திருப்பி, பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வெள்ளிக்கிழமை பிஸ்கெட் வாங்குகிறார்கள். அதே மாதிரி ஒரு கறுப்பு முத்திரை இருந்தால் அந்த அம்மாவும் பார்ப்பார், நானும் 50 மீட்டர் விதிப்படி எதை எடுத்து வைப்பது என்று ஒரே நிமிஷத்தில் தெரிந்துகொள்வேன், சோதனைக்கு வரும் அதிகாரிக்கும் அது போதும்.

உங்கள் நாளிதழ் இதை விடாமல் கேட்க வேண்டும். ஆணையம் எப்போது முடிவெடுக்கும், ஸ்டாரா எச்சரிக்கையா என்று தேதியோடு பதில் வாங்கிப் போடுங்கள். என் பங்குக்கு சரங்களைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன், ஃப்ரிட்ஜைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி டிஸ்ட்ரிபியூட்டரிடமும் சொல்லிவிட்டேன். வியாபாரம் கொஞ்சம் அடிவாங்கத்தான் செய்கிறது. மோர் இப்போது மண்பானைத் தண்ணீரில் இருக்கிறது, சாயங்காலம் நாலு பிள்ளைகளாவது கேட்டு வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
கோவில்பட்டி வட்டாரம்