ஏசாமல் கேட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

என் மதிப்புக்குரியவர்களே,

இந்த மடலில் உங்கள் பெயர்களை எழுத அனுமதி கேட்டபோது நீங்கள் எவரும் இணங்கவில்லை. என் பெயரையும் எழுத வேண்டாம் என்பது என் மனைவியின் விருப்பம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற ஊரில் அந்த விருப்பத்தை மீறும் உரிமை எனக்கில்லை. ஆயினும் ஆபாசப் படங்களின் பிடியிலிருந்து நான் மீள நீங்கள் செய்ததை எழுதாமலிருக்கவும் என்னால் இயலவில்லை. இதே வருத்தத்தோடு, இதே வன்னியில், ஊர் அடங்கிய பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் விழித்துக் கிடக்கும் ஆண்கள் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். இதற்கும் உதவி உண்டு என்று அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள், எனக்கும் சொல்லவில்லை.

எட்டு ஆண்டுகள் நான் அப்படிக் கிடந்தேன். நள்ளிரவுக்குப் பின்னர் மட்டும் பாவிக்கக்கூடிய மலிவான இரவு டேட்டாவை வாங்கி வைத்துக்கொண்டு, வீடு உறங்கும்வரை காத்திருப்பதே என் நாளின் ஒழுங்காக இருந்தது. தொடக்கத்தில் ஆபாசப் படங்கள். பிறகு முன்பின் அறியாதவர்களோடு காசு கட்டிப் பேசும் வீடியோ அழைப்புகள். கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருக்கும் நான், ஊராரின் கணக்கைச் சதம் பிசகாமல் எழுதிக்கொண்டே, மனைவி கட்டிவந்த சீட்டுக்காசையும் அவளுடைய ஒரு சோடிக் காப்பையும் இதற்காக அழித்தேன். 2021ஆம் ஆண்டு, இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு விவசாயிகள் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. கூடின விலைக்கு உரம் வாங்கவேண்டியிருக்கிறது என்று சொல்லிக் காப்பை அடகு வைத்தேன், அவள் நம்பினாள். எத்தனையோ பொய் சொன்னேன், ஆனால் ஊரின் துன்பத்தையே பொய்யாக்கிய அந்த ஒன்று இன்றும் என்னை உறுத்துகிறது.

2022 பங்குனி (மார்ச்) இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டபோதுதான் எனக்குள்ளேயே எனக்குப் பயம் வந்தது. கைப்பேசியில் சார்ஜ் இல்லாமற்போன அந்த இரவில் நான் முற்றத்துக்கும் விறாந்தைக்குமாக நடந்தேன். தண்ணீர் கேட்ட மகள்மீது காரணமின்றி எரிந்து விழுந்தேன். கடைசியில் சந்தியில் ஜெனரேற்றர் ஓடும் கடையை நினைத்துச் சைக்கிளை எடுத்தேன். "இந்த இருட்டிலை போனுக்கு என்னப்பா அவ்வளவு அவசரம்?" என்று மனைவி கேட்டாள். பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. படலையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், தேசிய மனநல நிறுவகம் இரவு பகலாக நடத்தும் 1926 என்ற இலக்கத்துக்கு, எனக்குச் சொல்லாமலே அழைத்திருந்தாள். மறுமுனையில் இருந்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. "உங்களிலை ஏதும் குறை இருக்கிறதாலை இது நடக்கேல்லை" என்பதை அவளிடம் முதலிற் சொன்னவர் அவர்தான். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கவேண்டும். நான் சொல்லாததை நீங்கள் சொன்னீர்கள். உங்களுக்கு என் முதல் நன்றி.

பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரான அம்மையாரைச் சந்திக்கப் போனபோது, நான் ஒரு கதையை ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்தேன். 2009இல் தம்பியை இழந்ததையும், முகாமில் இருந்ததையும், மீள்குடியேறி வந்தபோது கிணற்றடியைத் தவிர வீட்டில் ஒன்றும் மிஞ்சாதிருந்ததையும் சொன்னேன். அத்தனையும் உண்மை. அவர் இடைமறிக்காமல் முழுவதையும் கேட்டார், பிறகு, "அது உங்கட நித்திரையைக் கெடுத்திருக்கலாம். ஆனா பன்னிரண்டு மணிக்கு நீங்கள் என்ன செய்யிறியள் எண்டதை வேறையாக் கதைப்பம்" என்றார். வன்னியில் எந்தக் கதவும் அந்தத் துயரத்தைச் சொன்னால் திறக்கும். அதனாலேயே அதன் பின்னால் ஒளிந்துகொள்வதும் எளிது. அவர் என்னை ஒளிய விடவில்லை. அதேவேளை தம்பியைப் பற்றிப் பேசுவதற்கென்று தனியாக நாட்களையும் ஒதுக்கித் தந்தார். இந்த இரண்டையும் ஒருவரே செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒரு கொப்பியில் நேரம், இடம், அதற்கு முன்னர் நடந்தது ஆகிய மூன்றை மட்டும் எழுதச் சொன்னார். ஏன் செய்தேன் என்று எழுத வேண்டாம் என்றார். முதல் மாதத்தில் 23 பதிவுகள் இருந்தன. இருவரும் மேசையில் வைத்துப் பார்த்தபோது, அவற்றில் 17, வீட்டில் சண்டை நடந்த இரவுகளும், வேலையிடத்தில் அவமானப்பட்ட நாட்களும், சம்பளத்துக்கு முந்திய கையில் காசில்லாத நாட்களுமாக இருந்தன. காமம்தான் என்னை இழுக்கிறது என்று எட்டு ஆண்டுகள் நம்பியிருந்தவனுக்கு அந்தக் கொப்பி பெரிய அதிர்ச்சி. குளக்கட்டில் எலி வளை இருக்கிறதா என்று மாரிக்கு முன்னரே பார்த்து அடைக்கிறோமே, அதுபோல இரவுக்கான ஒழுங்கைப் பகலில் செய்யவேண்டும் என்று, கமக்காரர் வீட்டுப் பிள்ளையான அவர் சொன்னார். இரவு டேட்டாவை நிறுத்தினோம். ஒன்பது மணிக்குக் கைப்பேசி மனைவியின் அலுமாரிக்குப் போனது. விறாந்தையில் தனியே படுப்பதை விட்டேன். உந்துதல் எழும்போது அதனோடு மல்லுக்கட்டாமல், நேரத்தைக் குறித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் குளிக்கவோ நடக்கவோ சொன்னார். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் அது தானாகவே தணிந்ததைக் கொப்பியே எனக்குக் காட்டியது. கைப்பேசியில் தடைகளைப் பூட்டித் தந்து, கடவுச்சொல்லை என்னிடம் சொல்லாமல் மனைவியிடம் மட்டும் கொடுத்த திருத்தும் கடைத் தம்பிக்கும் இந்த இடத்தில் நன்றி.

மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் என்னைப் பார்த்த வைத்தியர் ஐயா அவர்களே, எனக்கு இருந்த மனச்சோர்வுக்கு நீங்கள் தந்த மாத்திரையைவிட, நேரமெடுத்துச் சொன்ன விளக்கத்துக்கே அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன். 2022 தை (ஜனவரி) முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாட்டில், கட்டுப்படுத்த இயலாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருப்பதையும், மது, சூதாட்டம் ஆகியவற்றுக்குரிய அடிமைத்தனப் பிரிவில் அல்லாமல் உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாமைக்குரிய பிரிவில் அது வைக்கப்பட்டிருப்பதையும், இதை அடிமைத்தனம் என்று அழைக்கலாமா என்பதில் நிபுணரிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருப்பதையும் ஒளிக்காமல் சொன்னீர்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ தன்னைக் கட்டுப்படுத்தத் தவறி, குடும்பமும் வேலையும் உடல்நலமும் கெடும் நிலையே நோய். பார்த்ததைப் பாவமென்று எண்ணி வருந்துவது மட்டும் நோயாகாது என்றும் சொன்னீர்கள். இந்த வேறுபாடு எங்கள் சமூகத்துக்கு மிகவும் தேவைப்படுகிறது. இங்கே ஒருமுறை பார்த்த இளைஞனும் தன்னைக் கெட்டழிந்தவன் என்று நினைத்து ஒடுங்குகிறான். வீட்டையே அடகு வைத்தவனும் "ஆம்பிளையள் எல்லாரும் செய்யிறதுதானே" என்று சொல்லித் தப்பிக்கொள்கிறான்.

பார்க்கப் பார்க்க இன்பம் குறைந்துகொண்டு போக, தவிப்பு மட்டும் ஏன் கூடுகிறது என்று உங்களிடம் கேட்டேன். மூளையில் வேண்டுவதும் விரும்புவதும் ஒரே வேலையல்ல என்றும், டோபமின் என்ற இரசாயனம் பெரிதும் வேண்டுதலையே தூண்டுகிறது என்றும், 2014இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் இத்தகைய 19 ஆண்களின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோதும் வேட்கை மிகுந்திருந்த அளவுக்கு விருப்பம் மிகுந்திருக்கவில்லை என்றும் சொன்னீர்கள். 19 பேர் என்பது சிறிய தொகை, அதை வைத்து முடிந்த முடிவாகப் பேசக்கூடாது என்று நீங்களே சேர்த்துச் சொன்னதால்தான் மற்றவற்றையும் நம்பினேன்.

கிளினிக் வரிசையில் ஊரவர் ஒருவரைக் கண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளை மறக்கமாட்டேன். அவர் கையிலும் என்னுடையதைப்போல ஓர் இலக்கத் துண்டு இருந்தது. "இடத்தை நான் பாக்கிறன், நீங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்றார். இன்றுவரை என்னை எதுவும் கேட்டதில்லை. அண்ணை, உங்களுக்கு நன்றி.

மதுவை விட்டவர்கள் கூடும் சிறிய கூட்டமொன்றில் எனக்குக் கதிரை போட்டுத் தந்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில் இரண்டு குடிகாரர்கள் ஒருவருக்கொருவர் உண்மை பேசியதிலிருந்து தொடங்கிய வழக்கம், பனையும் பாலையும் நிற்கும் எங்கள் மண்ணில் ஒரு தகரக் கொட்டகைக்குள் வந்து என்னையும் சேர்த்துக்கொண்டது. நான் குடிப்பதில்லை என்று தயங்கியபோது, "போத்தல்தான் வேறை தம்பி, ஒளிச்ச விதம் ஒண்டுதான்" என்றார் அங்கிருந்த முதியவர்.

போரில் இறந்தோரை நினைவுகூரும் வைகாசி (மே) 18 முடிந்து வந்த இரவில், நான் தவறினேன். மறுநாள் முழுவதும், எல்லாம் முடிந்துவிட்டது, இனி எத்தனை முறை பார்த்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணமே இருந்தது. அந்த எண்ணம் தவறியதைவிட ஆபத்தானது என்று அம்மையார் முன்னமே எச்சரித்திருந்தபடியால், வெட்கத்தோடு அவரிடம் போனேன். அவர் ஏசவில்லை, தேற்றவுமில்லை. கொப்பியைத் திறந்து, "நேரம் என்ன?" என்று கேட்டார்.

மனைவிக்கு எழுத நினைத்ததை எழுதி எழுதி வெட்டிவிட்டேன். அவள் என்னை விரைவாக மன்னிக்கவில்லை; மன்னித்துவிட்டதாக நான் இங்கே எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். சம்பளப் பத்திரத்தைக் கேட்டாள், கொடுத்தேன். கைப்பேசியைக் கேட்டாள், கொடுத்தேன். தனக்கும் ஒருவரோடு பேசவேண்டும் என்றாள். இன்னோர் உத்தியோகத்தரிடம் ஓராண்டு போய்வந்தாள், என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. சென்ற காலபோக நெல் விற்ற காசில் காப்பை மீட்டுக்கொண்டு வந்து சுவாமிப் படத்தின் முன்னால் வைத்தேன். எடுத்து எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவித் துடைத்து, அலுமாரியில், என் கைப்பேசி இரவில் இருக்கும் தட்டுக்கு மேல்தட்டில் வைத்தாள். இன்னும் போடவில்லை. போடுவதா இல்லையா என்பது அவளுடையது. அதுவரைக்கும் ஒரே வீட்டில் இருக்க இடம் தந்ததற்கு அவளுக்கு என் நன்றி.

இப்படிக்கு,
உங்களால் இன்றிரவும் உறங்கப் போகிறவன்