சூடையைப் பார்த்த டொக்டருக்கு

டொக்டர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி மழைக்குள் உவர்மலையிலிருந்து பழஞ்சீலையில் சுற்றிய பூனையோடு ஓட்டோவில் வந்து இறங்கியது நான்தான். பூனையின் பெயர் சூடை. குட்டியாக இருக்கும்போது மீன்காரரின் கூடையிலிருந்து ஒரு சூடையை இழுத்துக்கொண்டு ஓடியதால் வந்த பெயர். அதைக் கேட்டுச் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பின்னங்கால்கள் இழுபட மதிலோரம் ஊர்ந்து வந்தவளைத் தூக்கப்போய் என் கையிலும் கடி. பாதிப் பனடோலைக் கரைத்துப் பருக்கப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் முரண்டு பிடித்தாள், அது அவள் செய்த புண்ணியம். "பனடோல் பூனைக்கு நஞ்சு அக்கா. அதன் ஈரல் எங்கள் ஈரல் மாதிரி இல்லை. பாதியே கொன்றுவிடும்" என்றீர்கள். தமிழ் உங்களுக்குப் பழகிய மொழி இல்லை. ஆனாலும் ஒரு சொல்லும் எனக்குப் புரியாமல் போகவில்லை.

நான் காலைக் காட்டக் காட்ட, நீங்கள் உதட்டைத் தூக்கி முரசின் நிறத்தைப் பார்த்தீர்கள், நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டீர்கள். "முதல் மூச்சு. கால் பிறகு." எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு வெடித்திருந்தது. ஒப்பரேசன் என்பீர்கள், எந்த நகையை அடகு வைக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எலும்பு விலகவில்லை, வெட்டத் தேவையில்லை, ஆறு கிழமை கூட்டுக்குள் பாயாமல் இருந்தால் ஒட்டிவிடும் என்றீர்கள். வெட்ட வேண்டும் என்றிருந்தாலும் நம்பித்தான் இருப்பேன், காசும் கட்டியிருப்பேன். இதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

என் கையையும் விடவில்லை. சவர்க்காரம் போட்டுப் பைப்பில் கால் மணித்தியாலம் கழுவ வைத்து, பெரியாஸ்பத்திரிக்கு ஊசி போட அனுப்பிவிட்டுத்தான் அடுத்த நாயைக் கூப்பிட்டீர்கள்.

நாளைக்குள் சலம் போகாவிட்டால் உடனே கொண்டுவரச் சொன்னீர்கள். அன்றிரவு நித்திரை இல்லை. மறுநாள் மத்தியானம் நீங்கள் தந்த துவாயை நனைத்தாள். ஒரு பூனையின் மூத்திரத்துக்காக வீடே சந்தோஷப்பட்டதைப் பக்கத்து வீட்டார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்தாலும், முயல் கூட்டை வெறுமையாக்கித் தந்ததும் அவர்கள்தான். குழிகளில் ஏறி இறங்கும்போது நத்தையாய் ஓட்டி, வெளியே மழையில் காத்து நின்ற ஓட்டோத் தம்பி காசு வாங்கவில்லை. அவருக்கும் இங்கேயே நன்றி சொல்கிறேன், வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் போக விடமாட்டேன்.

உப்புப் போடாமல் அவித்த மீனைத் தின்று சூடை கொழுத்துவிட்டாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறாள். நேற்றுக் கதிரையில் ஏறினாள், ஏசவும் மனம் வரவில்லை.

உங்கள் துவாயை மூன்று தரம் தோய்த்துக் காயவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஊசிக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.