டொலர் ஏறிய காலத்தில் மலைக்கு என்ன செலவானது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ரூபாய் விழுந்தால் ஏற்றுமதிக் கம்பனிகளுக்குக் கொண்டாட்டம் என்று பலரும் எழுதுகிறார்கள். தேயிலைத் தோட்டக் கணக்கோடு காலம் கழித்த என்னால் அதை ஏற்க முடியவில்லை.

டொலரை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்திருந்த இலங்கை மத்திய வங்கி, 2022 மார்ச்சில் ஒரேயடியாகக் கைவிட்டது. மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. இடையில் ஏப்ரலில், மற்றக் கடன் வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்ந்தது. வெளிநாட்டுக்கு டொலருக்குப் போகும் தேயிலை கொழும்பு ஏலத்தில் ரூபாயில் விற்பதால் விலை கிடுகிடுவென்று ஏறியது, கம்பனிகளின் வரவும் கூடியது. சரி, அந்தப் பணம் மலைக்கு, அதாவது தேயிலைச் செடி நிற்கும் நிலத்துக்கு, வந்ததா?

உரமும் டீசலும் இயந்திரப் பாகங்களும் டொலர் கணக்கில் வருபவை, அவையும் ஏறிவிட்டன. அதைவிடப் பெரிய தடை, நாளைய டொலர் விலை தெரியாததுதான். மீள்நடுகை என்றால் கிழட்டுச் செடியைப் பிடுங்கி, மண் தேற மானா புல் போட்டு, தவறணையில் (நாற்று மேடையில்) வளர்த்த கன்றை நட்டு, போட்ட காசைப் பார்க்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும். 20 வீதத்துக்கு மேல் வட்டி கட்டி அதில் இறங்க யாருக்குத் துணிவு வரும்? எனக்குத் தெரிந்த தோட்டமொன்றில் முதலில் தவறணையை நிறுத்தினார்கள். அப்புறம் செடியை வெட்டிக் குட்டையாக்கும் கவ்வாத்து தள்ளிப்போனது. வெட்டாத மலையில் செடி உயர்ந்துவிட, பெண்கள் கையைத் தூக்கித் தூக்கிக் கொழுந்தெடுத்தார்கள். நிறை குறைந்த நாளில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது.

அந்த வருடம் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடியாகச் சரிந்தது. இரசாயன உரத்தடைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் உரத்தடை நீங்கிய பிறகும் மலைச் செலவு பழையபடி திரும்பவில்லையே! 2023இல் ரூபாய் தேறியதும் ஏல விலை இறங்கியது. உடனே வரவு போதாது என்று மறுபடியும் மலையிலேயே கை வைத்தார்கள். 2021இல் 1,000 ரூபாயாக நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ஆனது 2024இல்தான்.

நாணய மாற்று விகிதத்தைச் செயற்கையாகப் பிடித்து வைத்துப் பிறகு திடீரென்று விடும் வேலை இனி வேண்டாம். ரூபாய் விழும்போது கம்பனிகளுக்குக் கிடைக்கும் மேலதிக வரவில் ஒரு பங்கை மீள்நடுகைக்கு ஒதுக்குவதைக் கட்டாயமாக்க வேண்டும். வட்டி மாறாத நீண்டகாலக் கடனும் தர வேண்டும். மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சம்பளப் பேச்சோடு இதையும் சேர்த்துக் கேட்பார்களா?

முன்னாள் தோட்ட உத்தியோகத்தர்,
மஸ்கெலியா.