லீவரை என் கையிலேயே விட்டுவிடுங்கள்

ஞாயிறு சைக்கிள் ரைடு நடத்தும் அட்மின் அண்ணன்களுக்கும் கூட வரும் நண்பர்களுக்கும்,

வணக்கம். குரூப்பில் போட்டால் நாலு சிரிப்புப் பொம்மையோடு மேலே போய்விடும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

போன மாதம் முட்டுக்காடு பாலம் தாண்டியதும் என் பின் டயர் பஞ்சர். சக்கரத்தைக் கழற்றி, லீவர் போட்டு டயரை ஒரு பக்கம் எடுத்து, டியூபில் ஓட்டை எங்கே என்று பார்த்து, டயருக்குள் அதே இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். "தள்ளுங்க மேடம், நான் போட்டுத் தரேன்" என்று ஒருவர் லீவரை வாங்கிக்கொண்டார். வாங்கினார் என்பது மரியாதைக்கு, பிடுங்கினார். உள்ளே ஏதோ குத்துது, பாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன், காதில் விழவில்லை. புது டியூபைத் திணித்து, காற்றடித்து, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கோவளம் வருவதற்குள் மறுபடி பஞ்சர். லாரி டயரிலிருந்து உதிருமே மயிரிழை மாதிரிக் கம்பி, அது உள்ளேயே இருந்தது. அன்று மாலை குரூப்பில் வந்த செய்தி: "மேடம் பஞ்சரால இன்னைக்கு லேட்."

அவர் நல்ல மனிதர், எனக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் இதைச் சொல்ல இத்தனை நாள் யோசித்தேன்.

ஈசிஆரில் பைக்கில் பக்கத்தில் வந்து போனை நீட்டிப் படம் எடுப்பவனையும் உரசிக்கொண்டு போகிறவனையும் பற்றி உங்களிடம் புதிதாக என்ன சொல்ல. ஆனால் அதைச் சொன்ன அன்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டது, "தனியா ஏன் முன்னாடி போனீங்க?" முன்னாடி போனது வேகமாக மிதித்ததால், அண்ணா.

சைக்கிள் கடையில் கியர் பற்றி நான் கேட்டால் பதில் என் கணவருக்குப் போகிறது. அவர் பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவர். மார்ச் 8 வந்தால் ரோஸ் நிற டீசர்ட், 10 கிலோமீட்டர், கையில் ஒரு பூ. பிரெவே என்று நேரக்கெடு வைத்து நடத்தும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில், 200 கிலோமீட்டருக்கு எல்லோருக்கும் ஒரே 13.5 மணி நேரம்தான், பெண்ணுக்கென்று தனிக் கணக்கு கிடையாது. அதை முடித்துவிட்டு வந்தவளிடம்தான் "பொம்பளைக்கு இது நல்ல டைமிங்" என்கிறீர்கள்.

எங்கள் பெரியம்மா புதுக்கோட்டைக்காரர். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு என்று ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள், முன்னால் பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு. டீக்கடை பெஞ்சிலிருந்து அன்று அவர் கேட்ட பேச்சுக்கும் ஹெல்மெட்டும் கார்பன் ஃபிரேமுமாக வரும் உங்களிடம் நான் கேட்கும் பேச்சுக்கும் மெருகு ஒன்றுதான் வித்தியாசம்.

சரி, இன்னொன்று. கூச்சமான விஷயம்தான், எழுதித்தான் ஆக வேண்டும். நீங்கள் சவுக்குத் தோப்பு ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறீர்கள். நாங்கள் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைக்கிறோம். மே மாத வெயிலில் பாட்டில் நிறையத் தண்ணீரோடு, குடிக்காமல் மாமல்லபுரம் வரைக்கும் போய் வந்து தலைவலியோடு படுத்திருக்கிறேன். தோளில் வார் மாட்டும் சைக்கிள் கால்சட்டை, அதாவது பிப் ஷார்ட்ஸ் என்றால் மேல் ஜெர்சியையும் கழற்ற வேண்டும், அதற்குத் தாழ்ப்பாள் உள்ள கதவு வேண்டும். டீக்கு நிற்கிற இடத்தைக் கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்துப் போட்டால் போதும். இத்தனை வருடத்தில் ரூட் போடும்போது ஒருவருக்கும் இது தோன்றவில்லை, ஏனென்றால் ரூட் போடும் ஆறு பேரில் ஒரு பெண் கூட இல்லை. அதையும் மாற்றுங்கள்.

வரும் ஞாயிறு காலை 5 மணிக்குத் திருவான்மியூரில் நிற்பேன். என் பெயரை வேகமான குழுவில் போடுங்கள், போன தடவை மாதிரி என்னிடம் கேட்காமலே பின் குழுவுக்கு மாற்றாதீர்கள். பின்தங்கினால் நானே வீடு வந்து சேருவேன். வழியில் யாருக்காவது பஞ்சரானால் டியூப் மாற்றித் தருகிறேன், முதலில் கேட்டுவிட்டு.